ஓர் அலகின் விலை

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே இலங்கையில் அறுபத்தோராவது அலகு மின்சாரத்தின் விலை 652 ரூபா. அச்சுப்பிழை என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். அப்போது நடைமுறைக்கு வந்த கட்டண விதிப்படி, மாதத்தில் 60 அலகு செலவிட்ட ஒரு வீடு முதல் 30 அலகுக்குத் தலா 30 ரூபாவும், அடுத்த 30 அலகுக்குத் தலா 37 ரூபாவும், நிலையான கட்டணமாக 550 ரூபாவும் செலுத்தவேண்டும். கூட்டினால் 2,560 ரூபா. அதே வீடு 61 அலகு செலவிட்டிருந்தாலோ முதலாவது அலகிலிருந்தே 42 ரூபா வீதம் கணக்கிடப்பட்டது. நிலையான கட்டணமும் 650 ரூபாவாயிற்று. ஆக மொத்தம் 3,212 ரூபா. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரே ஓர் அலகு. இரண்டு நாள் பள்ளிக்கூட உடுப்புகளை இஸ்திரிக்கை போட்டால் அந்த ஓர் அலகு ஓடிவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீடுகளில் "இந்த மாதம் எத்தனை யூனிட் ஓடியிருக்கு?" என்ற கேள்வி புதியதன்று. ஆயினும் அந்தக் கேள்வியின் பின்னால் இத்தனை அச்சம் முன்னர் இருந்ததில்லை. எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரத்தைத் தின்கிறது என்பதை அறிந்துகொள்வது இன்று பொறியியலாளரின் வேலையாக மட்டும் இல்லை. அடுப்படியில் நிற்பவரின் அன்றாடக் கணக்காகவும் ஆகிவிட்டது. அந்தக் கணக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதன் ஒரு பகுதி இலண்டனிலும் புடாபெஸ்டிலும் நடந்தது. மறுபகுதி நம்முடைய கிணற்றடியிலே நடந்தது.

முதலில் இந்த அளவின் பிறப்பைப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் தம்முடைய நீராவி யந்திரத்தைச் சுரங்க முதலாளிகளுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் விற்க முயன்றபோது, அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: "இது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும்?" வாட் குதிரையின் உழைப்பை அளந்தார். ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தல் பாரத்தை ஓர் அடி உயர்த்தும் ஆற்றலைக் குதிரை வலு என்று வகுத்தார். இன்றைய அளவில் அது ஏறத்தாழ 746 வாட். நூறாண்டுகள் கழிந்தபின், 1882இல், வில்லியம் சீமன்ஸ் என்ற பொறியியலாளர் மின்னாற்றலை அளக்கும் அலகுக்கு வாட்டின் பெயரையே சூட்டவேண்டும் என்று பிரேரித்தார். விலைபேசுவதற்காகத் தோன்றிய அளவு இது என்பதை நாம் மறந்துவிடலாகாது. நாம் பேச்சுவழக்கில் 'யூனிட்' என்று சொல்லும் சொல்லும் பிரித்தானிய வணிகச் சபையின் சட்ட அளவிலிருந்து வந்ததே. ஆயிரம் வாட் ஆற்றல் ஒரு மணி நேரம் வேலை செய்தால் அது ஓர் அலகு.

அதே 1882இல் நியூயோர்க் நகரின் பேர்ள் வீதியில் எடிசன் தமது மின்நிலையத்தைத் திறந்தார். மின்சாரத்தை விற்பது எளிது. விற்றதை அளப்பது எளிதாக இருக்கவில்லை. எடிசனின் முதல் மின்மானி ஒரு கண்ணாடிச் சாடி. அதற்குள் நாகத் தகடுகள் திரவத்தில் அமிழ்ந்திருக்கும். மின்னோட்டம் செல்லச் செல்ல ஒரு தகட்டிலிருந்து நாகம் கரைந்து மற்றதில் படியும். கம்பனி ஆள் மாதாமாதம் வந்து தகடுகளை எடுத்துச்சென்று நிறுத்துப் பார்ப்பான். அந்த நிறையே கட்டணமாகும்! பாவனையாளன் அந்தச் சாடியைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கம்பனியின் தராசைக் கம்பனியே பார்த்துச் சொன்னதை நம்பவேண்டும். மக்கள் அதை நம்பத் தயங்கியதில் வியப்பில்லை. 1889இல் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஒட்டோ பிளாத்தி என்ற ஹங்கேரியப் பொறியியலாளர், மாறு மின்னோட்டத்தால் சுழலும் தட்டைக் கொண்ட மின்மானியை உருவாக்கினார். அதன் நிறை சுமார் 23 கிலோ. பின்னர் அது சிறுத்துக் கறுத்த பெட்டியாகி உலகமெங்கும் வீட்டுச் சுவர்களில் தொங்கியது. அதில் இலக்கங்கள் இருந்தன; வாசிக்கத் தெரிந்த எவரும் வாசிக்கலாம். இது சின்ன விஷயம் அன்று.

இனிக் குடாநாட்டுக்கு வருவோம்.

இங்கே ஆறில்லை, மலையில்லை. சுண்ணக்கல்லின் மேலே மெல்லிய செம்மண், கீழே நன்னீர். அந்த நீரை மேலே கொண்டுவருவதே யாழ்ப்பாணத்து விவசாயியின் வாழ்க்கை. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தை மூத்தோர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். துலாவின் மேலே ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றடியில் ஒருவர் பனையோலைப் பட்டையைக் கவிழ்ப்பார். வாய்க்கால் வழியே புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் பாயும். விடியுமுன் தொடங்கும் அந்த நடை வெயிலேறும்வரை ஓயாது. நிலமுடையவன் ஒருவனாகவும், துலாவில் ஏறியவன் வேறொருவனாகவும் இருந்த தோட்டங்கள் எத்தனையோ!

அந்த உழைப்பை வாட் கணக்கில் அளந்து பார்ப்போம். உடல்வலுவுள்ள ஒரு மனிதன் நாள்முழுதும் தளராமல் தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 75 வாட். எட்டு மணி நேரம் உழைத்தால் 600 வாட் மணி. அதாவது ஓர் அலகின் ஐந்தில் மூன்று பங்கு. மின்மானியில் ஓர் இலக்கம் நகர்வதும், ஒரு மனிதன் ஒன்றரை நாளுக்குமேல் துலாவில் நடப்பதும் பௌதிகத்தின் கண்ணில் ஏறத்தாழச் சமம். இந்தச் சமன்பாட்டை எழுதும்போது கை சற்றுத் தயங்கவே செய்கிறது. எண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் துலா மிதித்தவனின் பாதவெடிப்பு இதில் வரவில்லை.

பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு யந்திரங்கள் வந்தன. துலாக்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. மின்சாரமோ மெதுவாகவே வந்தது. கொழும்பில் 1895இலேயே தனியார் கம்பனியொன்று மின்விளக்கேற்றியிருந்தது. 1918இல் விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், மலைநாட்டு அருவிகளைக் கொண்டு நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை உற்பத்திசெய்யலாம் என்று எடுத்துக்காட்டினார். அவருடைய கனவான லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இலேதான். அந்த நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் லயன் அறைகள் அதன்பின்னும் நெடுங்காலம் குப்பி விளக்கிலேயே இருந்தன. மின்கம்பி அவர்களுடைய கூரைக்கு மேலாகவே சென்றது.

வடக்கில் 1950களின் பிற்பகுதியில் சுன்னாகத்தில் டீசல் மின்நிலையம் எழுந்தது. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை உருவாயிற்று. சுன்னாகமும் பின்னர் தேசிய மின்தொகுதியோடு இணைக்கப்பட்டது. கம்பி முதலில் பெருவீதி வழியே சென்றது. பிறகு ஒழுங்கைக்குள் நுழைந்தது. கடைசியாகத்தான் குடிசைக்குப் போயிற்று. கம்பம் நடுவதற்கும் வீட்டுக்கு வயர் இழுப்பதற்கும் பணம் வேண்டும். உறுதியுள்ள காணியும் வேண்டும். காணியற்றவனுக்கு ஏது மின்மானி? 1966 அக்டோபர் 21ஆம் திகதி தீண்டாமைக்கு எதிரான எழுச்சி ஊர்வலம் யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்டதும் இதே சுன்னாகத்திலிருந்துதான். தேநீர்க் கடையில் சமமாக உட்காரும் உரிமைக்காக அன்று அடிபட்டவர்களில் எத்தனை பேருடைய வீட்டில் அப்போது மின்விளக்கு எரிந்திருக்கும் என்று கேட்டுப் பார்ப்பது வீணான கேள்வியாகாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சுவரில் தொங்கிய மின்மானிகளின் தட்டுகள் ஓய்ந்தன. இலக்கங்கள் அந்த மாதத்தின் எண்ணிலே உறைந்தன. மின்சாரத்தோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். எரிபொருளும் மின்கலமும் தடைக்குள்ளாயின. மண்ணெண்ணெய் துளித்துளியாய் அளக்கும் பொருளாயிற்று. மோட்டார்ச் சைக்கிளைச் சில துளி பெற்றோலால் முடுக்கிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இரவிலே ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. போத்தலின் அடியில் பஞ்சு, அதிலே நனையும் அளவுக்கு எண்ணெய், மெல்லிய திரி, சிறு சுடர். வாய் திறந்த போத்தலே சிமினி. பிள்ளைகள் அந்த வெளிச்சத்திலே படித்துச் சாதாரண தரமும் உயர்தரமும் எழுதினார்கள். இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பெருமை இருக்கட்டும், கணக்கைப் பார்த்தால் அது எவ்வளவு கொடிய செலவு என்பது விளங்கும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் அடங்கியுள்ள வெப்பம் ஏறத்தாழப் பத்து அலகுக்குச் சமம். திரிவிளக்கில் அதன் நூற்றிலொரு பங்குகூட ஒளியாவதில்லை. மற்றதெல்லாம் சூடும் புகையுமே. ஏழைக்குக் கிடைக்கும் ஒளி எப்போதுமே விலைகூடியதாக இருந்துவந்திருக்கிறது.

அந்த நாட்களில்தான் குடாநாட்டுச் சாதாரண மக்கள் வாட் என்பதை உடம்பால் அறிந்தார்கள் எனலாம். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, சில்லோடு உராயும் டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தார்கள். சைக்கிள் டைனமோ தரக்கூடியது 6 வோல்ற்றில் 3 வாட். லண்டன் பி.பி.சி. தமிழோசை முடியும்வரை ஒருவர் சுற்றவேண்டும். அவர் களைத்தால் செய்தி மங்கும். நிறுத்தினால் செய்தி நின்றுவிடும். குண்டுவீச்சைப் பற்றிய செய்தியைக் கேட்பதற்காக, குண்டு விழுந்த ஊரிலேயே ஒரு பையன் மிதியைச் சுற்றிக்கொண்டிருந்தான்! அந்த 3 வாட் டைனமோவைக் கொண்டு ஓர் அலகு மின்சாரம் உண்டாக்க வேண்டுமானால் 333 மணி நேரம் சுற்றவேண்டும். இரவுபகல் ஓயாது சுற்றினாலும் பதினான்கு நாட்கள். உலகின் வேறெந்த மூலையிலும் ஒரு சமுதாயம் முழுவதும் இந்தப் பாடத்தை இப்படிக் கற்றிருக்குமா என்பது சந்தேகமே.

1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடுவாசலைவிட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். டிசெம்பரில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கைக்கு வந்தது. மக்கள் திரும்பிவந்தபின், டீசல் மின்பிறப்பாக்கிகளின் துணையோடு, குறிப்பிட்ட நேரங்களுக்கு மட்டும் மின்சாரம் வந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மறுபடியும் மூடப்பட்டபோது குடாநாட்டுக்கான பொருள்கள் கடல்வழியாகவே வரவேண்டியதாயிற்று. போர் 2009 மேயில் முடிந்தது. 2013இல் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம்வரை உயரழுத்தப் பாதை இழுக்கப்பட்டபோதுதான் குடாநாடு மீண்டும் தேசிய மின்தொகுதியில் சேர்ந்தது. ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து வாக்குரிமை பெற்றுவிட்ட காலம்.

இந்த இடைக்காலத்து டீசலுக்கு இன்னொரு கட்டணமும் இருந்தது. அதை எந்த மின்மானியும் காட்டவில்லை. சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. துலாவால் இறைத்துத் தலைமுறை தலைமுறையாகக் குடித்த அதே நிலத்தடி நீர்! சுண்ணக்கல் பஞ்சுபோன்றது, மேலே சிந்துவது எல்லாம் கீழே இறங்கும், ஒரு கிணற்றில் இறங்கியது அந்தக் கிணற்றோடு நிற்பதுமில்லை. மக்கள் பவுசர் வண்டியில் வந்த நீருக்கு வரிசையில் நின்றார்கள். வீதியில் இறங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2019 ஏப்ரலில் நீதிமன்றம், அங்கு மின்சாரம் உற்பத்திசெய்த தனியார் கம்பனி பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்கவேண்டுமென்று தீர்ப்பளித்தது. நட்டஈடு நல்லதே. கிணற்றின் விலையை யார், எந்த அலகால் அளந்தார்கள் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

அதன்பின் 2022 வந்தது. அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் வாங்கப் பணமின்றி, மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. கொழும்பிலே மக்கள் மெழுகுவர்த்தி வாங்க அலைந்த செய்தியை யாழ்ப்பாணத்தார் ஒருவிதமான கசந்த புன்னகையோடு வாசித்திருக்கக்கூடும். ஆனால் புன்னகைக்கு நேரமில்லை. ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது; 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். 'சராசரி' என்ற சொல்லில் ஒரு வஞ்சகம் உண்டு. மாதம் 30 அலகு செலவிடும் வீடு, அதாவது நாட்டின் மிக ஏழ்மையான வீடு, 2022 ஜூலையில் செலுத்தியது 105 ரூபா. ஆகஸ்ட் உயர்வின் பின் 360 ரூபா. பெப்ரவரி உயர்வின் பின் 1,300 ரூபா. பன்னிரண்டு மடங்கு! அடுத்த ஜூலையில் அந்தப் படிக்கான கட்டணம் அலகுக்கு 30 ரூபாவிலிருந்து 10 ரூபாவாகவும், நிலையான கட்டணம் 150 ரூபாவாகவும் குறைக்கப்பட்டன. அதற்குள் எத்தனையோ வீடுகள் நிலுவையில் வீழ்ந்து இணைப்பை இழந்துவிட்டன. பெரும் பாவனையாளரிடமிருந்து பணம் வந்து குறைந்த கட்டணத்தைத் தாங்கியது பிழையென்று நிபுணர் சிலர் வாதிட்டார்கள். செலவுக்கேற்ற விலை என்ற தத்துவம் காகிதத்தில் அழகாகவே இருக்கிறது. முப்பது அலகு வீட்டில் எரிவது இரண்டு மின்குமிழும் ஒரு விசிறியுமே. அங்கே வெட்டுவதற்கு என்ன இருக்கிறது?

ஆகவே அளந்து பார்க்கவேண்டிய கட்டாயம் நேர்ந்தது. இதற்கென்று புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. சுழலும் தட்டுள்ள பழைய மின்மானியின் முகத்தில், ஓர் அலகுக்கு எத்தனை சுற்று என்று பொறித்திருக்கும். 600 சுற்று என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தட்டும் நிற்கவேண்டும், நிற்காவிட்டால் எங்கோ ஏதோ மறைவாய் ஓடுகிறது, அல்லது மின்கசிவு இருக்கிறது. இனி, அளக்கவேண்டிய சாதனத்தை மட்டும் இயக்கி, தட்டின் கறுப்புக்கோடு ஒருமுறை சுற்றிவர எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். 6,000 என்ற எண்ணை அந்த விநாடியால் வகுத்தால் கிடைப்பது வாட். அறுபது விநாடி என்றால் 100 வாட். ஆறு விநாடி என்றால் 1,000 வாட். விரைந்து சுற்றும்போது பத்துச் சுற்றுக்களை எண்ணிப் பத்தால் வகுப்பது நல்லது. இப்போதைய இலத்திரன் மின்மானியில் தட்டில்லை; சிறு சிவப்பு ஒளி மினுங்கும். ஓர் அலகுக்கு 1,600 மினுக்கம் என்று குறித்திருந்தால், 2,250ஐ இரண்டு மினுக்கங்களுக்கு இடைப்பட்ட விநாடிகளால் வகுக்கவேண்டும். முப்பது விநாடிக்கு ஒருமுறை மினுங்கினால் 75 வாட். ஒரு மின்விசிறியின் அளவு அது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வகுத்தல் கணக்கே இதற்குப் போதும்.

கணக்கிட்டுப் பார்த்தால் சில நம்பிக்கைகள் உடைந்துவிடுகின்றன. விளக்கை அணை, விளக்கை அணை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறோம். 60 வாட் பழைய குமிழ் தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதன் இடத்தில் 9 வாட் எல்.ஈ.டி. குமிழ் வந்தபின் ஒன்றரை அலகுகூட இல்லை. கடிந்துகொள்ளும் பழக்கம் மட்டும் மாறவில்லை. ஆயிரம் வாட் இஸ்திரிக்கைப் பெட்டி தினமும் அரை மணி நேரம் சூடானால் மாதம் 15 அலகு. கிணற்று மோட்டரும் ஒரு குதிரை வலு என்று பெயர் இருந்தாலும், உள்ளே இழுப்பது அதைவிடக் கூடுதல். ஏறத்தாழ ஒரு கிலோவாட் என்று கொள்ளலாம். வாட் கற்பித்த குதிரை வெளியே தரும் வேலையையே சொல்கிறது. தின்னும் தீனியைச் சொல்வதில்லை. ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைக்கப் பௌதிகம் கேட்பது ஓர் அலகின் பன்னிரண்டிலொரு பங்கு. ஐந்து பேருக்குத் தேநீர் வைக்க இரண்டு லீற்றர் கொதிக்கவைப்பவர்கள் மீதியை ஆறவிட்டு ஊற்றிவிடுகிறார்கள்.

குளிர்சாதனப் பெட்டியே மிகவும் ஏமாற்றுவது. அதன் முதுகில் எழுதியிருக்கும் வாட் எண்ணை மணிக்கணக்கால் பெருக்கினால் தவறான விடை வரும். ஏனெனில் அதன் அமுக்கி ஓடி ஓடி நிற்கும். திறந்து மூடும் தடவை, உள்ளே வைக்கும் சூடு, கதவின் இறப்பர் விளிம்பு, பங்குனி சித்திரை வெயில் எல்லாம் சேர்ந்து அதன் செலவைத் தீர்மானிக்கும். ஆகவே அதை இரவு முழுவதும் அளக்கவேண்டும். இக்கட்டுரையாளனின் வீட்டிலே ஒருநாள் இரவு பத்து மணிக்கு மற்றெல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மின்மானியை வாசித்தோம். விசிறியும் இல்லை; நுளம்பு கடித்தது; யாரும் சரியாகத் தூங்கவில்லை. காலை ஐந்து மணிக்கு மறுபடி வாசித்தோம். ஏழு மணி நேரத்தில் அலகின் பத்தில் நான்கு பங்கு ஓடியிருந்தது. நாளொன்றுக்கு 1.4 அலகுக்குச் சற்றுக் குறைவு. மாதத்துக்கு 41 அலகு. பதினைந்து ஆண்டு பழைய பெட்டி அது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அன்பாக வாங்கித்தந்தது. ஏழை வீட்டுக்கென்று அரசு வகுத்த முதற்படி முழுவதையும் அது ஒன்றே விழுங்கி, அடுத்த படியிலும் கால்வைத்துவிட்டது.

மறுநாள் காலை வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. பெட்டியை நிறுத்திவிடலாம் என்றேன் நான். ஆச்சியின் இன்சுலின் மருந்து அதற்குள்ளேதான் இருக்கிறது என்றாள் மனைவி. அதன்பின் இஸ்திரிக்கைப் பெட்டியைப் பற்றிப் பேசினோம்.